பொங்கினால் போயிற்று

புண்ணில் ஹைட்ரஜன் பெராக்சைடை ஊற்றியதும் வெள்ளை வெளேரென்று நுரை பொங்குகிறது. கட்டுப் போடும் நர்ஸ், "கொஞ்சம் பொறுத்துக்கங்க தாத்தா, கிருமியெல்லாம் வெளிய வருது" என்கிறார். தாத்தாவும் பல்லைக் கடித்துக்கொண்டு, நுரையைப் பார்த்து நிம்மதி அடைகிறார். எவ்வளவு பொங்குகிறதோ அவ்வளவு அழுக்கு, பொங்கி அடங்கினால் புண் சுத்தம். மருந்துக்கடைக்காரர் முதல் பள்ளிக்கூடத்து முதலுதவிப் பெட்டியைப் பூட்டி வைத்திருக்கும் பி.டி. மாஸ்டர் வரை நம்பும் கணக்கு இது. படித்தவர்கள் கூடவே ஒரு வேதியியல் விளக்கமும் தருவார்கள்: பெராக்சைடு சிதைந்து ஆக்சிஜன் வருகிறது, அந்த ஆக்சிஜன் கிருமியைக் கொல்கிறது, மிஞ்சுவது வெறும் தண்ணீர், இதைவிடப் பாதுகாப்பான மருந்து உண்டா?

இந்த விளக்கத்தில் சிதைகிறது என்ற ஒரு சொல்தான் தேறும். பொங்கும்போது அங்கே அழிந்துகொண்டிருப்பது முக்கியமாக மருந்துதான். கிருமி செத்தாலும் நுரை வரலாம், சாகாவிட்டாலும் வரும், கிருமியே இல்லாவிட்டாலும் வரும்.

தண்ணீர் மூலக்கூறோடு இன்னொரு ஆக்சிஜன் அணுவும் சேர்ந்துகொண்டதுதான் ஹைட்ரஜன் பெராக்சைடு. அதன் இரண்டு ஆக்சிஜன் அணுக்களுக்கும் நடுவே உள்ள பிணைப்பு பலவீனமானது. அதற்காக அது தொட்டதற்கெல்லாம் உடைந்துவிடாது. சுத்தமான கலத்தில், வெளிச்சமும் வெப்பமும் படாமல் வைத்தால் நல்ல சரக்கு வருடத்துக்கு ஒரு சதவீதம்கூட இழக்காது. உடைவதற்கு ஒரு தூண்டுதல் வேண்டும். 1818இல் இந்தத் திரவத்தை முதன்முதலில் தயாரித்த பிரெஞ்சு வேதியியலாளர் தெனார், வெள்ளியும் பிளாட்டினமும் பட்டால் அது குபுகுபுவென்று சிதைவதையும், உலோகங்கள் மட்டும் மாறாமல் அப்படியே கிடப்பதையும் கண்டு வியந்தார். ரத்தத்திலிருந்து எடுத்த ஃபைப்ரின் என்ற புரதப்பொருளும் அதே வேலையைச் செய்தது. நுண்கிருமியால் புண் சீழ் பிடிக்கிறது என்ற எண்ணமே அன்றைய மருத்துவத்தில் இல்லை, பாஸ்டர் அப்போது பிறக்கவுமில்லை. தெனார் பார்த்த அதே நுரையைத்தான் நாம் டிரஸ்ஸிங் அறையில் பார்த்துவிட்டுக் கிருமியின் கணக்கில் எழுதிக்கொண்டிருக்கிறோம்.

புண்ணில் அந்தத் தூண்டுதலைத் தருவது கேட்டலேஸ் என்ற நொதி. 1900ஆம் ஆண்டு வாக்கில், புகையிலையை ஆராய்ந்த ஆஸ்கர் லோவ் அதற்கு அந்தப் பெயரை வைத்தார். நம் சிவப்பணுக்களில் அது நிறைய இருக்கிறது, ஈரலிலும் சிறுநீரகத்திலும் கொட்டிக்கிடக்கிறது. ஒரே ஒரு கேட்டலேஸ் மூலக்கூறு ஒரு நொடிக்குள் பல லட்சம் பெராக்சைடு மூலக்கூறுகளைத் தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் உடைத்துத் தள்ளும். இவ்வளவு வேகமான ஆளை உடம்பு ஏன் வேலைக்கு வைத்திருக்கிறது? செல்களுக்குள் மூச்சும் செரிமானமும் நடக்கிற வழியில் பெராக்சைடு கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்துகொண்டே இருக்கிறது. விட்டுவைத்தால் செல்லையே அரித்துவிடும். அதை உடனுக்குடன் ஒழித்துக்கட்டத்தான் கேட்டலேஸ். ஆகவே புண்ணில் பெராக்சைடை ஊற்றும்போது நாம் மருந்து என்று நினைப்பதை உடம்பு விஷமாகப் பார்க்கிறது, வந்ததும் வராததுமாக முறித்துப்போடுகிறது. நுரை அந்த முறிப்பின் கழிவு.

சந்தேகம் இருப்பவர்கள் கறிக்கடையில் கொஞ்சம் ஆட்டு ஈரல் வாங்கி இரண்டு துண்டாக்கி, ஒன்றை மட்டும் நன்றாக வேகவைத்து ஆறவிட்டு, இரண்டின் மேலும் மூன்று சதவீதப் பெராக்சைடை விட்டுப் பார்க்கலாம். பச்சை ஈரல் பாத்திரம் வழியப் பொங்கும். வெந்த துண்டு சும்மா கிடக்கும், ஏனென்றால் நொதி வெந்துவிட்டது. அன்று அறுத்த ஆட்டின் ஈரலில் அவ்வளவு நோய்க்கிருமியா இருந்தது?

இதைவிட அழுத்தமான சாட்சி ஜப்பானிலிருந்து வருகிறது. 1946இல் ஓகயாமாவில், காது மூக்கு தொண்டை மருத்துவர் ஷிகேயோ தகஹாரா வாயில் அழுகல் கண்டிருந்த 11 வயதுச் சிறுமி ஒருத்திக்கு அறுவைசிகிச்சை செய்தார். அழுகிய சதையை நீக்கிவிட்டு வழக்கம்போலப் பெராக்சைடை ஊற்றினார். நுரை வரவில்லை. ரத்தம் பழுப்பேறிக் கறுத்தது. அவள் உடம்பில் கேட்டலேஸ் நொதியே கிட்டத்தட்ட இல்லை என்பது பிற்பாடு தெரிந்தது. பரம்பரையாக வரும் குறை அது, இன்றும் தகஹாரா நோய் என்றே சொல்கிறார்கள். வாய் அழுகும் அளவுக்குக் கிருமித் தொற்று இருந்த புண் அது. நுரைதான் கிருமியின் அடையாளம் என்றால் அந்த வாயில் அன்று நுரை தள்ளியிருக்க வேண்டும். ஒரு குமிழிகூட எழவில்லை. நுரைக்குத் தேவையானது நோயாளியின் சொந்த நொதி, அது அந்தப் பிள்ளையிடம் இல்லை.

"கிருமியிலும் கேட்டலேஸ் உண்டே?" என்று கேட்கலாம். உண்டு, எல்லாவற்றிலும் இல்லை. இந்த வேறுபாட்டை வைத்துத்தான் நுண்ணுயிரியல் ஆய்வகங்களில் தினமும் ஒரு சோதனை செய்கிறார்கள். கண்ணாடித் தகட்டில் கொஞ்சம் கிருமியை எடுத்து வைத்து ஒரு சொட்டுப் பெராக்சைடு விடுவார்கள். குமிழி வந்தால் ஸ்டாபிலோகாக்கஸ் வகை, வராவிட்டால் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வகை. கொப்புளத்தையும் சீழ்க்கட்டியையும் உண்டாக்கும் ஸ்டாபிலோகாக்கஸ் குமிழி விடுவது எதனால்? பெராக்சைடை முறிக்கும் ஆயுதம் அதனிடம் இருப்பதால். தொண்டைப்புண்ணையும் தோலுக்கடியில் பரவும் கொடிய தொற்றுகளையும் தரும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் நுரைப்பதே இல்லை, அதனிடம் அந்த ஆயுதம் கிடையாது. அப்படியானால் பொங்குகிற கிருமி தன்னைக் காப்பாற்றிக்கொள்கிற கிருமி, பொங்காத கிருமி மாட்டிக்கொண்ட கிருமி. டிரஸ்ஸிங் அறையின் நம்பிக்கை இதற்கு நேர் எதிராக நிற்கிறது.

அடுத்து, பள்ளிக்கூடப் புத்தகம் கற்றுக்கொடுத்த "பிறவிநிலை ஆக்சிஜன்". பெராக்சைடு உடையும்போது ஒற்றை ஆக்சிஜன் அணு பிறந்து துள்ளி வருகிறது, அது வெறிகொண்டு நிறத்தை வெளுக்கிறது, கிருமியைக் கொல்கிறது என்று தலைமுறை தலைமுறையாகப் பரீட்சைக்கு எழுதியிருக்கிறோம். இரண்டு மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறோம். இந்தக் கதையைச் சோதித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. சாதாரண ஆக்சிஜன் அணுவின் நிறை எண் 16. 18 என்ற கனமான வகையும் இயற்கையில் கொஞ்சம் இருக்கிறது. இரண்டு அணுக்களும் கனமானவையாக உள்ள பெராக்சைடைச் செய்து, அதைச் சாதாரணப் பெராக்சைடோடு கலந்து, கேட்டலேஸை விட்டால் என்ன ஆகும்? அணுக்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்து வெளியே வந்து பிறகு ஜோடி சேர்வதாக இருந்தால், ஒன்று கனம் ஒன்று லேசு என்று கலப்பு ஜோடிகள் ஏராளமாகக் கிடைக்க வேண்டும். 1950களில் செய்து பார்த்தார்கள். ஜோடிகள் பிரியவே இல்லை. வெளிவந்த ஆக்சிஜன் மூலக்கூறின் இரண்டு அணுக்களும் ஒரே பெராக்சைடு மூலக்கூறிலிருந்து, கட்டுக் குலையாமல் அப்படியே வந்தவை.

நடப்பது இதுதான். கேட்டலேஸின் நடுவே ஓர் இரும்பு அணு இருக்கிறது. முதலில் வரும் பெராக்சைடு தன் ஆக்சிஜன் ஒன்றை அந்த இரும்பிடம் விட்டுவிட்டுத் தண்ணீராகக் கழன்றுகொள்கிறது. இரண்டாவதாக வருவது தன் இரண்டு ஹைட்ரஜன்களையும் அந்த ஆக்சிஜனுக்குக் கொடுத்துத் தண்ணீராக்கிவிட்டு, தான் முழு ஆக்சிஜன் மூலக்கூறாக வெளியேறுகிறது. வெறித்தனமாகத் திரியும் ஒற்றை அணு எந்தக் கட்டத்திலும் அவிழ்த்துவிடப்படுவதில்லை. குமிழியில் இருப்பது நாம் மூச்சில் இழுக்கும் அதே சாதுவான ஆக்சிஜன். காற்றிலே உட்கார்ந்து கும்மாளம் போடுகிற ஸ்டாபிலோகாக்கஸை அது என்ன செய்துவிடும்?

அப்படியானால் பெராக்சைடு கிருமியைக் கொல்லவே கொல்லாதா? கொல்லும், நன்றாகவே கொல்லும், ஆனால் உடையாமல் இருக்கும்போதுதான். உருவத்தில் சின்னது, மின்னூட்டம் இல்லாதது என்பதால் கிருமியின் சவ்வைத் தாண்டி முழுசாக உள்ளே நுழைந்துவிடும். உள்ளே கிடக்கும் இரும்பு அயனியைச் சந்தித்தால் ஹைட்ராக்சில் என்ற தனி உறுப்பு (ஃப்ரீ ரேடிக்கல்) பிறக்கும். இரும்பும் பெராக்சைடும் சேர்ந்தால் வரும் இந்தக் கொடூரத்தை ஹென்றி ஃபென்டன் 1894இலேயே விவரித்துவிட்டார், காரணம் ஹைட்ராக்சில்தான் என்பது பிறகு தெளிவானது. டிஎன்ஏ, புரதம், கொழுப்பு எதையும் அது விடாது. இந்தத் தாக்குதலுக்கு இரண்டு தேவை: போதுமான அடர்த்தி, போதுமான நேரம். கேட்டலேஸ் பறித்துக்கொள்வது துல்லியமாக இந்த இரண்டையும்தான். ரத்தம் கசியும் புண்ணில் மூன்று சதவீதப் பெராக்சைடு சிறிது நேரத்திலேயே குமிழியாகித் தீர்ந்துவிடுகிறது.

இதையெல்லாம் திருப்பூர் சாயப்பட்டறையில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பின்னலாடைத் துணியை வெளுக்க அங்கே பெராக்சைடுதான். சாஃப்ட் ஃப்ளோ மெஷினில் துணியை ஓடவிட்டு, காஸ்டிக், பெராக்சைடு எல்லாம் சேர்த்து, கொதிநிலைக்குக் கொஞ்சம் கீழே வரை சூடேற்றுவார்கள். கூடவே தவறாமல் ஸ்டெபிலைசர் சேர்ப்பார்கள். எதற்கு? பெராக்சைடு ஆக்சிஜனாகிப் பறந்துவிடாமல் இருக்க. நுரைத்துப் போன பெராக்சைடு அங்கே நஷ்டக் கணக்கு. வெளுப்பது காரத்தில் உருவாகும் பெர்ஹைட்ராக்சில் அயனி, குமிழியாகும் வாயு எந்த மஞ்சளையும் எடுப்பதில்லை. தண்ணீரிலோ துணியிலோ இரும்புத் துரு ஒரு பொடி இருந்துவிட்டால் அந்த இடத்தில் மட்டும் சிதைவு தறிகெட்டுப் போய், நூலையே தின்று, துணியில் ஊசித்துளை விழும். ஃபென்டன் இங்கேயும் வந்துவிட்டார்.

வெளுத்து முடிந்தபின் என்ன செய்கிறார்கள் என்பது இன்னும் சுவாரசியம். மிச்சமிருக்கும் பெராக்சைடு துணியில் தங்கினால் அடுத்து ஏற்றும் சாயத்தைக் கெடுத்துவிடும். அதை ஒழிக்க ஒரு திரவத்தை விடுவார்கள், பட்டறையில் அதன் பெயர் பெராக்சைடு கில்லர். பெரும்பாலும் அது வேறொன்றுமில்லை, கேட்டலேஸ். புண்ணில் வேலை நடக்கிறதென்று நம்ப வைக்கும் அதே நொதி, பட்டறையில் வேலை முடிந்தது, இனி இந்தச் சரக்கு செத்துத் தொலையட்டும் என்பதற்காகக் காசு கொடுத்து வாங்கி ஊற்றப்படுகிறது.

கான்டாக்ட் லென்ஸ் கழுவுகிறவர்களுக்கும் இது தெரிந்திருக்கும். மூன்று சதவீதப் பெராக்சைடு நிரப்பிய குட்டி டப்பாவில் லென்ஸைப் போட்டால், அடியில் உள்ள பிளாட்டினம் பூசிய வில்லை மெல்ல மெல்லக் குமிழி விடும். குறைந்தது ஆறு மணி நேரம் கழித்துத்தான் எடுக்க வேண்டும். கிருமியைக் கொல்வது பெராக்சைடு, குமிழி விடுவது அந்தப் பெராக்சைடைத் தீர்த்துக்கட்டிக் கண்ணுக்கு ஆபத்தில்லாமல் செய்ய. அவசரப்பட்டு எடுத்து மாட்டிக்கொண்டவர்கள் எரிச்சலில் துடித்திருக்கிறார்கள். அட்டைப் பெட்டியில் வரும் பாலும் பழச்சாறும் மாதக்கணக்கில் கெடாமல் இருப்பதற்கு ஒரு காரணம், நிரப்பும் முன் அந்தத் தாளைச் சூடான 35 சதவீதப் பெராக்சைடில் முக்கி எடுத்து, வெப்பக் காற்றால் உலர்த்துவது. முரட்டு வித்துகள்கூட அதில் சாகின்றன. தாளில் ரத்தமில்லை, நொதியில்லை, அதனால் புண்ணில் காணும் பொங்கலும் அங்கே கிடையாது.

எதிர்த்தரப்பில் ஒரு வாதம் மட்டும் பாதி நியாயமானது. நுரை மேலே எழும்போது ஒட்டிய மண்ணையும் காய்ந்த ரத்தத்தையும் தூக்கி வருகிறது, புண்ணோடு ஒட்டிப்போன பஞ்சும் துணியும் சுலபமாக விடுகிறது என்பார்கள். உண்மைதான். ஆனால் உப்புநீர் விட்டு ஊறவைத்தாலும் அது விடும், குழாய்த் தண்ணீர் அழுக்கை அள்ளிக்கொண்டு போகும். அவை இரண்டும் புண்ணை ஆற்ற வரும் ஃபைப்ரோபிளாஸ்ட் செல்களைக் கொல்வதில்லை. பெராக்சைடு கொல்கிறது. 1985இலேயே ஆய்வகத்தில் பார்த்திருக்கிறார்கள், மருந்துக்கடை அடர்த்தியில் அது அந்தச் செல்களைத் தாங்கவிடவில்லை.

ஆக்சிஜன் பிடிக்காத டெட்டனஸ் கிருமிக்கு இது நல்லதாமே என்பது இன்னொன்று. டெட்டனஸ் கிருமி ரோட்டுப் புழுதியில் வித்தாகக் கிடக்கிறது, நாள் முழுக்கக் காற்று பட்டபடி. ஆக்சிஜன் பட்டதும் அந்த வித்து சாவதாக இருந்தால் நம் தெருவில் அது இருக்கவே முடியாது. ஆணி குத்திய காலுக்குத் தேவை தடுப்பூசி.

"வெள்ளை அணுக்களே பெராக்சைடு தயாரித்துத்தானே கிருமியைத் தாக்குகின்றன, அதையே நாமும் ஊற்றினால் என்ன?" என்பது கொஞ்சம் படித்தவர்களின் வாதம். உடம்பு தயாரிப்பது உண்மை. 2009இல் வரிக்குதிரை மீன் குஞ்சுகளில் செய்த ஆராய்ச்சியில், வால் நுனியை வெட்டிய சில நிமிடங்களில் காயத்தின் ஓரத்தில் பெராக்சைடு சுரப்பதும், அந்தத் தடத்தைப் பிடித்து வெள்ளை அணுக்கள் ஓடி வருவதும் தெரிந்தன. அங்கே அது ஒரு சமிக்ஞை, ஒரு மெல்லிய குரல். நாம் பாட்டிலிலிருந்து ஊற்றுவது அதைவிடப் பத்தாயிரம் மடங்குக்கும் மேல் அடர்த்தி. காதருகே வெடி வைத்துவிட்டுக் கூப்பிட்டேன் என்று சொல்லக்கூடாது.

கடைசியாக அந்தப் பெரிய சமாதானம்: எப்படியும் மிஞ்சுவது தண்ணீரும் ஆக்சிஜனும்தானே. பெட்ரோல் எரிந்தாலும் மிஞ்சுவது தண்ணீரும் கார்பன் டை ஆக்சைடும்தான், சோடா பாட்டிலில் இருப்பதும் அவைதான், அதற்காக யாரும் பெட்ரோலைச் சோடா என்று குடிப்பதில்லை. ஒரு வினையின் முடிவில் என்ன கிடைக்கிறது என்பது பாதிக் கதை. எவ்வளவு வெப்பத்தோடு, எவ்வளவு வாயுவாக, எந்த இடத்தில் என்பது மீதி.

34 கிராம் பெராக்சைடு சிதைந்தால் சுமார் 98 கிலோஜூல் வெப்பம் வருகிறது. மூன்று சதவீதக் கரைசலில் அது பெரிதாக உறைக்காது. சுமார் 65 சதவீதத்துக்கு மேல் போனால் அதிலுள்ள தண்ணீர் முழுவதையும் ஆவியாக்க அந்த வெப்பமே போதும். 90 சதவீதத்தில் 700 டிகிரிக்கு மேல் கொதிக்கும் நீராவியும் ஆக்சிஜனும் சீறிக்கொண்டு வரும், ஒரு லிட்டர் திரவம் ஏறத்தாழ 5000 லிட்டர் வாயுவாகும். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியரின் வி-2 ஏவுகணையில் எரிபொருள் பம்புகளைச் சுழற்றியது இந்தச் சிதைவுதான். 1971இல் பிரிட்டன் தன் சொந்த ராக்கெட்டில் பிராஸ்பெரோ செயற்கைக்கோளை ஏவியபோது, வெள்ளி பூசிய வலையில் பெராக்சைடைச் சிதைத்துத்தான் உந்துவிசை பெற்றது. அதே பிரிட்டன் 1955 ஜூன் 16 அன்று போர்ட்லாந்து துறைமுகத்தில் சைடன் நீர்மூழ்கிக் கப்பலை இழந்தது. பெராக்சைடில் ஓடும் டார்பிடோ உள்ளே வெடித்தது, காப்பாற்றப் போன மருத்துவர் உட்பட 13 பேர் செத்தார்கள். 2000 ஆகஸ்ட் 12 அன்று பாரன்ட்ஸ் கடலில் ரஷ்யாவின் குர்ஸ்க் மூழ்கி 118 பேர் மாண்டதற்கும், டார்பிடோவிலிருந்து கசிந்த பெராக்சைடும் அதோடு சேர்ந்து எரிந்த மண்ணெண்ணெயும்தான் தொடக்கம் என்று அரசு விசாரணை முடிவு செய்தது. அங்கேயும் சிதைவில் மிஞ்சியது தண்ணீரும் ஆக்சிஜனும்தான்.

அடர்த்தி குறைவானாலும் இடம் தப்பானால் ஆபத்து. மூன்று சதவீதக் கரைசல் ஒரு மில்லி, பத்து மில்லி ஆக்சிஜன் தரும். திறந்த முழங்கால் சிராய்ப்பில் அது காற்றோடு போகும். ஆழமான, வாய் குறுகிய காயத்துக்குள் அழுத்தி ஊற்றினால் வாயு ரத்தக்குழாய்க்குள் புகுந்து அடைத்துக்கொள்ளக்கூடும். அறுவைசிகிச்சை மேசையில் இப்படி உயிர் போன சம்பவங்கள் உண்டு. மூடிய உடற்குழிகளிலும் ஆழமான பெரிய காயங்களிலும் பயன்படுத்தாதீர்கள் என்று பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2014இல் மருத்துவர்களுக்கே நினைவூட்ட வேண்டியிருந்தது.

இதையும் மீறி, 35 சதவீதப் பெராக்சைடைத் தண்ணீரில் சொட்டுச் சொட்டாகக் கலந்து குடித்தால் உடம்புக்கு ஆக்சிஜன் ஏறும், புற்றுநோய் ஓடிவிடும் என்று விற்பவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2006இலேயே எச்சரித்தது. கரோனா காலத்தில் நெபுலைசரில் போட்டு இழுக்கவும் சொன்னார்கள். கணக்குப் போட்டாலே போதும். பத்துச் சொட்டு என்பது அரை மில்லி, அதிலிருந்து சுமார் 65 மில்லி ஆக்சிஜன் வரும். சும்மா உட்கார்ந்திருக்கும் மனிதருக்கு நிமிடத்துக்கு 250 மில்லி வேண்டும். பதினாறு நொடிக்குக் கூடச் சரியாகக் காணாத ஆக்சிஜனை, அதுவும் நுரையீரலில் அல்லாமல் வயிற்றில், சளிச்சவ்வு வெந்துபோகும் ஆபத்தோடு வாங்க வேண்டுமா? நோபல் பரிசு பெற்ற ஓட்டோ வார்பர்க்கை இவர்கள் சாட்சிக்கு இழுப்பார்கள். வார்பர்க் கண்டதோ, புற்றுச் செல்கள் ஆக்சிஜன் தாராளமாக இருக்கும்போதும் சர்க்கரையை நொதிக்கவைத்தே பிழைக்கின்றன என்பது.

சின்னக் காயத்துக்கு ஓடும் குழாய்த் தண்ணீரும் சோப்பும் போதும். நாய் கடித்தால் பதினைந்து நிமிடம் சோப்பும் தண்ணீரும் விட்டுக் கழுவிவிட்டு நேரே ஊசி போடும் இடத்துக்குப் போக வேண்டும், உலக சுகாதார நிறுவனம் சொல்வதும் அதைத்தான். வீட்டில் ஏற்கெனவே வாங்கி வைத்த பெராக்சைடு பாட்டில் இருந்தால் வீணாக்க வேண்டாம், ரத்தக்கறை பட்ட சட்டைக்கு நன்றாகவே கேட்கும். வெள்ளைச் சட்டையாக இருப்பது நல்லது.